தறிக்குழியில் ஒரு சொம்பு தண்ணீர்

"நீயே சொல்லு அண்ணி, எலையில உக்காந்து ரெண்டு வாய் துன்னுட்டு எழுந்து ஓடறவர பத்தி அவங்க வூட்டுல இன்னா நெனப்பாங்க?"

"மெதுவா பேசு தம்பி. உள்ள தறியில இருக்காரு."

"கேக்கட்டுமே! அவரு காதுல வுழணும்னுதான் கத்தறேன்."

அர்ஜுனன் சைக்கிளை இன்னும் ஸ்டாண்டுகூடப் போடவில்லை. ஒரு கையால் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். பட்டம்மாள் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முகம் சுட்டது.

வாலாஜாபாத்தில், பூவராகவன் வீட்டில், தலைவாழை இலை போட்டுக் கல்யாணச் சாப்பாடு மாதிரி பரிமாறியிருந்தார்கள். அவர் பெண் காந்தாவை அர்ஜுனனுக்குப் பிடித்துவிட்டது. காந்தாவுக்கும் அர்ஜுனனைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பூவும் பழமும் வைத்த பூத்தட்டை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது கை நனைப்பது ஒன்றுதான். பெண் வீட்டுச் சோற்றில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கை நனைத்து, இலையை முடித்து எழுந்தால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். பாதியில் எழுந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பெரியவர் அண்ணன் தர்மன்தான். பட்டம்மாளின் புருஷன்.

தர்மன் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான். இரண்டு வாய் போட்டான். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்தது. மூன்றாவது கவளத்தைக் கையிலிருந்து அப்படியே உதறிவிட்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்துவிட்டான்.

"பொண்ணு புடிக்கலன்னா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று பந்தியில் யாரோ முணுமுணுத்தது பட்டம்மாளின் காதில் விழுந்தது. குழம்பு ஊற்ற வந்த காந்தா, சட்டியைக் கதவோரமே வைத்துவிட்டு உள்ளே போனதையும் பார்த்தாள்.

நிஜமான காரணம் இந்த வீட்டில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். தர்மனுக்கு வெளிக்குப் போவது என்பதே பல மாதமாகப் பெரும் போராட்டமாகிவிட்டது. நாலைந்து நாளைக்கு ஒரு தரம், அதுவும் உயிர் போய் உயிர் வரும். அன்றைக்கு அந்த இலையில் உட்கார்ந்தபோது வயிற்றுக்குள் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்திருக்கிறது.

மறுநாளே அர்ஜுனன் அவனைச் சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனான். டாக்டர் வயிற்றை அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தார். கட்டி கிட்டி ஒன்றும் இல்லை, இது வெறும் மலச்சிக்கல் என்றார். இசப்கோல் வாங்கிச் சாப்பிடச் சொன்னார். அர்ஜுனனும் மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்தான். வெள்ளை வெளேரென்று, ஊதினால் பறக்கிற உமி.

ஒரு வாரமாகத் தர்மன் அதைத்தான் சாப்பிடுகிறான். வயிறு இன்னும் மோசமாகிவிட்டது.

"இப்ப இன்னா விஷயம் தெரியுமா?" அர்ஜுனன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினால்தான் பட்டம்மாளுக்குப் பயம். "பூவராகவன் மாமா இன்னிக்கு பகல் பஸ்ஸுல வராராம். நம்ம சைக்கிள் கடைக்கே ஆள் வுட்டு சொல்லியிருக்காரு. பூத்தட்டத் திருப்பிக் குடுக்க வராரு அண்ணி."

துலக்கிக்கொண்டிருந்த சட்டி அவள் கையிலிருந்து நழுவியது.

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

"டேய்!" தர்மனின் குரல் தறிக்குழிக்குள்ளிருந்து வந்தது. "வரட்டும். வாங்கி வச்சிக்க. எனக்கு இன்னா?"

"உனக்கு இன்னாவா? கட்டிக்கப் போறவன் நான்! ஒரே ஒரு வார்த்த சொல்லு. வவுறு சரியில்ல மாமா, அதான் எழுந்துட்டேன்னு சொல்லு. முடிஞ்சுது."

"வவுத்துல இன்னான்னு கேப்பான். எனக்கு வெளிக்கி வரலன்னு தமுக்கடிக்கவா? பொண்ணு குடுக்கறவன் வூட்டுல ஆம்பள பொம்பள எல்லாம் என் கொல்லப்புறத்து கதையப் பேசி சிரிக்கணுமா?"

"பின்ன இன்னா சொல்லுவ? காந்தா மூக்கு கோணலா இருக்குதுன்னா?"

"ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கீறீங்க. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆமா, பெரிய வைத்தியரு, தவிட்ட வாங்கியாந்து குடுத்துட்டாரு! தவிடு துன்னா மாடாவது பால் கறக்கும். எனக்கு வவுறு கல்லானதுதான் மிச்சம்."

தறி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. அர்ஜுனன் சைக்கிள் மணியை ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுச் சுவரில் சாய்த்தான்.

பட்டம்மாள் கீழே விழுந்த சட்டியை எடுத்துக் கழுவினாள். புருஷனின் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். மாமனார் வயிற்றில் கட்டி வந்து, வயிறு வீங்கித்தான் செத்துப்போனார். விடிகாலையில் தர்மன் மல்லாந்து படுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தன் வயிற்றைத் தானே அமுக்கி அமுக்கிப் பார்ப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். டாக்டர் சொன்னதை அவன் நம்பவே இல்லை.

துலக்க ஒரே ஒரு டம்ளர் பாக்கி இருந்தது. மருந்து டம்ளர். தினமும் காலையில் அதில் ஒரு ஸ்பூன் உமியைப் போட்டுத் தறிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தர்மன் அதை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீரில் தள்ளிவிடுவான். நேற்று அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது என்று தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருந்தாள்.

இப்போது கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீரையே காணோம்! ஒரு சிட்டிகை உமி இருந்த இடத்தில் பாதி டம்ளருக்கு இளநுங்கு மாதிரி வழவழவென்று ஏதோ உட்கார்ந்திருந்தது. விரலை விட்டாள். வழுக்கிக்கொண்டு போனது.

பட்டம்மாள் கஞ்சி காய்ச்சுகிறவள். தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் போட்டுக் கை பழகியவள். கஞ்சி நீர்க்க இருந்தால் இழைக்கு இழை ஓடும். தண்ணீர் குறைந்து கெட்டியாகிவிட்டால் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாவு மொத்தமும் கயிறாகிவிடும்.

"தம்பி! இங்க வா. இத எப்படி துன்ன சொன்னாங்க?"

"ஒரு ஸ்பூன எடுத்து பெரிய டம்ளர் நெறைய தண்ணியில கலக்கி, ஊறி கெட்டியாவறதுக்கு முன்னாடி மடமடன்னு குடிச்சிடணும். அதுக்கு மேல இன்னொரு டம்ளர் தண்ணி. நாள் பூரா தண்ணி நெறைய குடிக்கணும்." அர்ஜுனனுக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் உற்சாகம் வந்துவிடும். "டாக்டரு எவ்ளோ அழகா சொன்னாரு தெரியுமா? அது வெளக்கெண்ண மாதிரி வவுத்தப் புடுங்கி எறியாதாம். தண்ணியக் குடிச்சி குடிச்சி உப்பி, உள்ள கெட்டியா கெடக்கறத இளக்கி, வழவழன்னு தன்னோட இட்டுனு போயிடுமாம். முக்க வேணாம், வலி கெடையாது. ஆனா மெதுவா, ஒரு நாள் ரெண்டு நாள் எடுத்துக்கும்னாரு. அண்ணங்கிட்ட படிச்சிப் படிச்சி சொன்னேனே!"

"உங்க அண்ணன் தறியில ஒக்காந்துக்கினு தண்ணி குடிச்சி என்னிக்காவது பாத்துகீறியா?"

அர்ஜுனன் தறி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சைக்கிள் கடைக்காரனுக்கு அது தோன்றாது. தறிக்காரனுக்குத்தான் தெரியும். காலைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்தால் பகல் சோற்றுக்குத்தான் வெளியே எடுப்பது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலுக்குத் தர்மன் குறுக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவான். கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டம்மாள் தள்ளுவாள். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதோடு, நடுவில் விட்டுவிட்டுப் போனால் தறி அடிக்கிற அழுத்தம் மாறிச் சேலையில் கோடு விழும் என்று ஒரு பயம். தண்ணீர் குடித்தால் எழுந்திருக்க வேண்டும். அதனால் குடிப்பதே இல்லை. தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். அவளும் அப்படித்தான். அவன் அந்த உமியைக் காய்ந்த வயிற்றில் காய்ந்த மருந்தாகத் தள்ளியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவளுக்குத் தப்பாகவே படவில்லை.

"அய்யோ, தொண்டையில அடைச்சிக்காம வுட்டுதே, அதுவே பெருசு" என்றான் அர்ஜுனன். முகம் வெளுத்திருந்தது.

பட்டம்மாள் சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு உள்ளே ஓடினாள்.

"இன்னாமே இது?"

"தண்ணி. குடி."

"குடிச்சிட்டு? நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து ஓடவா? கரை சேக்கற எடம். ஒக்காரு, நாடாவ எடு."

"முடியாது. நீ குடிக்காம நான் நாடாவத் தொடமாட்டேன்."

"ஏய், இன்னா புதுசா?"

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பூவராகவன் உள்ளே வந்தார். வாலாஜாபாத் அரிசி மில்லில் கணக்கப்பிள்ளை. பெரிய உடம்பு. கக்கத்தில் துணி சுற்றிய பித்தளைத் தட்டு. அர்ஜுனன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. பட்டம்மாள் கையிலிருந்த சொம்பை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"இந்த வூட்டுல தண்ணி குடிக்கிற மாதிரி நான் வரலமா. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன்." தறியைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்ப்பா தர்மா, என் பொண்ணுகிட்ட இன்னா கொறையக் கண்ட?"

தர்மன் தலையைத் தூக்கவில்லை. நாடாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஒரு வாரமா அவ கண்ணாடியப் பாத்து தலை வாரல. நான் கருப்பா, நான் குள்ளமா, எதுக்குப்பா எழுந்து போனாருன்னு கேக்கறா. அவளுக்கு நான் இன்னா பதில் சொல்றது? கொறைய சொல்லிடு. தட்ட வச்சிட்டு போயினே இருக்கேன்."

அர்ஜுனன் அண்ணனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சத்தியம் சத்தியம்தானே.

பட்டம்மாளுக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. கண்ணாடி பார்க்காத அந்தப் பெண் மனசில் வந்தாள். முற்றத்துக்குப் போய் மருந்து டம்ளரை எடுத்து வந்தாள். பூவராகவன் முகத்துக்கு எதிரே அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இத பாருங்க மாமா. வுழுதா?"

"இன்னாமா இது?"

"உங்க பொண்ணுகிட்ட இருக்கற கொறை இதுதான்."

"பட்டு!" தர்மன் அலறினான்.

"சும்மா இருய்யா! உன் மானம் பெருசா, அந்தப் பொண்ணு மனசு பெருசா?" என்றவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வயிறு, ஆஸ்பத்திரி, உமி, தண்ணீர் குடிக்காத தறி, எல்லாம். "அவரு அன்னிக்கு எழுந்தது உங்க சோத்தப் புடிக்காம இல்ல மாமா. ஒக்கார முடியாம எழுந்தாரு. போதுமா?"

பூவராகவன் தட்டை நாற்காலியில் வைத்தார்.

தறிக்கு அருகில் போய், அந்தப் பெரிய உடம்போடு மெதுவாகக் குந்தினார். குழிக்குள் இருந்த தர்மனும் அவரும் இப்போது கண்ணுக்குக் கண் நேராக இருந்தார்கள்.

"நெசமாப்பா?"

தர்மன் தலையை மட்டும் ஆட்டினான். காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"இதச் சொல்றதுக்கா ஒரு வாரம்? நான் இன்னா வேற ஜாதி வவுறா வச்சிருக்கேன்?" சிரிக்கப் போனவர் அடக்கிக்கொண்டார். "சரி. இது நெசம்னா அந்தத் தண்ணியக் குடி. என் எதிர்ல."

பட்டம்மாள் புதிதாக ஒரு ஸ்பூன் உமியைப் பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டு வேகமாகக் கலக்கினாள். தர்மன் எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு அண்ணாந்து குடித்தான். பிறகு சொம்புத் தண்ணீர். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான்.

"வர்ற வெள்ளிக்கெழம வாங்க" என்று பூவராகவன் எழுந்தார். "எலையப் போடறேன். நீ முழுசா முடிச்சிட்டு எழுந்தா, தட்டு என் வூட்டுலயே இருக்கும். அதுக்கப்பறம் நான் வந்து இந்த வூட்டுத் தண்ணியக் குடிக்கறேன். அதுவரைக்கும் என் பங்கு தண்ணி உங்க பானையிலயே இருக்கட்டும்."

தட்டை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அர்ஜுனனுக்கு அந்த இடத்திலேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து அர்ஜுனனின் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். பட்டம்மாளின் காது கூர்மை.

"ஏம்பா, நாளெல்லாம் நாற்காலியிலயே ஒக்காந்து வேல பாக்கறவங்களுக்கும் இது கேக்குமா? அந்தக் கடை எந்தப் பக்கம் கீது?"

அன்றையிலிருந்து தறிக்குப் பக்கத்தில் ஒரு பானை வந்து உட்கார்ந்தது. தர்மன் எழுந்து போகும்போதெல்லாம் பாவைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து இழுத்துக் கட்டினால் கோடும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை. இது அவனுக்குத் தெரியாத வித்தையா? செய்ய உடம்பு வணங்காமல் இருந்தான், அவ்வளவுதான். பட்டம்மாளும் அந்த நேரத்தில் முதுகை நிமிர்த்தித் தானும் ஒரு டம்ளர் குடித்தாள்.

திங்கட்கிழமை காலை அர்ஜுனன் கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணா?"

"இன்னா இன்னா? ஒண்ணும் இல்ல. ஏமாத்து மருந்து."

"டாக்டருதான் மெதுவான்னாரே! இதுக்கு அவசரமே ஆவாது. தண்ணி குடிச்சியா?"

"குடிச்சிக் குடிச்சி நான் ஏரி மாதிரி ஆயிட்டேன். போடா."

ஆனால் சாயங்காலம் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. தர்மன் நாடாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து கேட்டான். பட்டம்மாளும் கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, தர்மன் சொம்பை எடுத்துக்கொண்டு வேகவதி ஆற்றுப் பக்கம் போனான். வழக்கமாகப் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவான், அதுவும் வெறும் வேர்வையோடு. இன்றைக்குப் பட்டம்மாள் வாசலில் கோலத்தை முடிப்பதற்குள்ளேயே தெருமுனையில் ஆள் தெரிந்தது. சொம்பு ஊஞ்சல் மாதிரி ஆடியது. சீட்டி அடித்துக்கொண்டு வந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சீட்டி அடித்து அவள் கேட்டதே இல்லை.

"பட்டு! இட்லி கீதா?"

ஆறு இட்லியை முடித்துவிட்டு ஏழாவதைக் கையில் எடுத்தவன், அதைத் தட்டிலேயே வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"எங்கப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துட்டுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பட்டு. டாக்டரு இல்லன்னு சொன்னப்போகூட, என் எதிர்ல பொய் சொல்றாருன்னு நெனச்சேன். ஒரு வலி இல்லாம, அது பாட்டுக்கு... இன்னிக்குத்தான் மூச்சு வந்துச்சு."

பட்டம்மாள் அவன் முதுகைத் தடவினாள். பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அதுக்குன்னு ஏழாவது இட்லிய அம்போன்னு வுட்டுடுவியா? துன்னு" என்றாள்.

விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த அர்ஜுனன், வாசலிலேயே சைக்கிளைக் கீழே போட்டான். "வெள்ளிக்கெழம ஜெயிச்சோம்ணா! இன்னும் மூணு நாள் தண்ணியும் இசப்கோலுமா உஷாரா இருந்துட்டா..."

தர்மன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கெழம எதுக்குடா? ஒரு பொண்ணு கண்ணாடி பாக்காம ஒக்காந்துகினு இருக்குது. அத இன்னும் மூணு நாள் அப்படியே வுடச் சொல்றியா? நான் இப்பவே போறேன்."

"இப்பவேவா? சொல்லாம கொள்ளாமலா?" பட்டம்மாள் பதறினாள். "அங்க ஒண்ணும் சமைச்சிருக்க மாட்டாங்கய்யா!"

"பழையது இருக்கும் இல்ல? அதுல கை நனைக்கறேன். ஒரு பருக்க வுடாம துன்றேன்."

"அண்ணா, இன்னிக்கு செவ்வாக்கெழம! நல்ல காரியத்துக்கு யாராவது செவ்வாக்கெழம பொண்ணு வூட்டுப் படிய மிதிப்பாங்களா? அவங்க வூட்டுல இதெல்லாம் ரொம்பப் பாப்பாங்க."

"வவுத்துக்கு செவ்வா வெள்ளி தெரியுமாடா? தெரிஞ்சிருந்தா இன்னிக்கு எறங்கியிருக்குமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு தர்மன் வாசலில் நின்றான். வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அர்ஜுனன், அண்ணி ஏதாவது சொல்லமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தான். பட்டம்மாளின் ஒரு கை புருஷன் சட்டையைப் பிடிக்கப் போயிற்று. இன்னொரு கையில் வழித் தண்ணீருக்கு நிரப்பிய சொம்பு தளும்பிக்கொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள்: அழைக்காத வீட்டுக்கு, ஆகாத கிழமையில், பழைய சோற்றில் கை நனைக்கத் துடிக்கிற மனுஷனைப் பிடித்து நிறுத்துவதா, சொம்பைக் கையில் கொடுத்துப் பஸ் ஏற்றி விடுவதா? அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?